ஆற்றங்கரையில் பழைய வீடு... இடிந்த சுவரை எடுத்துக் கட்டலாமா? டெல்டா மக்கள் தெரிஞ்சுக்க வேண்டியது

ஐப்பசி, கார்த்திகை மழை அடித்து ஓய்ந்ததும் டெல்டாவில் ஆற்றோரத்துப் பழைய வீடுகளுக்கு ஏதாவது ஒரு செலவு வந்து நிற்கும். ஈரம் ஏறிய மண் சுவர் ஒரு பக்கமாகச் சாயும். ஓடு சரியும். கொல்லைப்பக்கச் சுவர் அஸ்திவாரத்தோடு ஆற்றுப் பக்கம் இறங்கும்.

கொத்தனாரைக் கூப்பிட்டு, செங்கல் இறக்கி, வேலையை ஆரம்பித்த இரண்டாம் நாள் யாராவது வந்து கேட்பார்கள்: "யாரைக் கேட்டுக் கட்டுறீங்க?" வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். "எங்க தாத்தா காலத்து வீடு. இடிஞ்ச சுவரை எடுத்துக் கட்டுறதுக்கு யாரைக் கேக்கணும்?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதில் வீட்டின் வயதில் இல்லை. அந்த வீடு நிற்கிற மண் வருவாய்த்துறைப் பதிவேட்டில் என்ன பெயரில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. எப்படின்னு பார்க்கலாம்.

பக்கத்துப் பக்கத்து வீடு... ஆனால் வேற வேற கதை

காவிரிக் கரையில், நடுவில் ஒரே ஒரு சந்து மட்டும் உள்ள இரண்டு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஓட்டு வீடு. இரண்டுக்கும் அறுபது, எழுபது வயது. இரண்டிலும் மின் இணைப்பு உண்டு, வீட்டு வரி ரசீது உண்டு, ரேஷன் கார்டில் அதே முகவரி. ஒரே மழையில் இரண்டு வீட்டுக்கும் பின்சுவர் விழுந்துவிட்டது.

முதல் வீடு நிற்பது பட்டா நிலத்தில் அல்லது கிராம நத்தத்தில். அந்த வீட்டைக் கட்டியபோது இப்போதுள்ள விதிகள் எதுவும் கிடையாது. பக்கவாட்டில் இவ்வளவு இடம் விடு, ஆற்றுக்கு இவ்வளவு தள்ளிக் கட்டு என்று யாரும் சொல்லவில்லை. இன்றைய விதியோடு வைத்துப் பார்த்தால் அந்த வீடு பொருந்தாது. அதற்காக அது சட்டவிரோத வீடு ஆகிவிடாது. விதி வருவதற்கு முன்பே வந்த வீடு, அவ்வளவுதாங்க.

இரண்டாவது வீடு நிற்பது ஆற்றுப் புறம்போக்கில். அங்கே விதிக்குப் பொருந்துகிறதா, இல்லையா என்ற பேச்சே எழாது. நிலமே அரசுடையது என்பதில் இருந்துதான் பேச்சு தொடங்கும்.

வெளியில் இருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அங்கே குடியிருப்பவர்களுக்கே பல சமயம் தெரியாது. நோட்டீஸ் வரும்போதுதான் தெரியும்.

முதலில் பார்க்க வேண்டிய ஆவணம் எது?

அ-பதிவேடு. பேச்சு வழக்கில் 'ஏ ரெஜிஸ்டர்' என்பார்கள். ஒவ்வொரு புல எண்ணும் பட்டா நிலமா, நத்தமா, வாய்க்காலா, ஆறா, பாதையா என்று அதில் எழுதியிருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் பார்க்கலாம். வருவாய்த்துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணைய சேவையிலும் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்துப் பார்க்கலாம். கூடவே புலப்படத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். அளந்து பார்த்தால்தான் சுவர் எந்தப் புலத்தில் விழுகிறது என்பது தெரியும். வீட்டின் முன்பாதி நத்தத்திலும், பிற்பாடு இழுத்துக் கட்டிய சமையலறை ஆற்றுப் புறம்போக்கிலும் இருப்பது கரையோரத்தில் நடக்கக்கூடியதுதான்.

நத்தம் பற்றி ஒரு வார்த்தை. நத்தம் என்றாலே புறம்போக்கு என்று நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. கிராம நத்தம் என்பது குடியிருப்புக்காகவே தொன்றுதொட்டு ஒதுக்கப்பட்ட இடம். ஆற்றுப் புறம்போக்கோடு அதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

படுகை என்ற சொல்லும் இப்படித்தான் குழப்பும். படுகையில் பட்டா நிலமும் உண்டு, புறம்போக்கும் உண்டு. ஊரில் எல்லாரும் 'படுகை' என்று சொல்வதால் மட்டும் எதுவும் முடிவாகிவிடாது. பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் கணக்கு.

பட்டா, நத்தம் வீடு என்றால் என்னென்ன செய்யலாம்?

2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் இப்போது நகரத்துக்கும் கிராமத்துக்கும் பொது. அனுமதி வாங்கத் தேவையில்லாத சில்லறை வேலைகளை அந்த விதிகளே சொல்கின்றன. வெள்ளை அடிப்பது, பூச்சு உதிர்ந்த இடத்தில் திரும்பப் பூசுவது, உடைந்த ஓட்டை மாற்றுவது, தரை போடுவது, உள்ளே தடுப்பு வைப்பது மாதிரியான வேலைகள் இதில் வரும்.

சிக்கல் இதற்கு அடுத்த படியில்தான். ஓட்டை மாற்றுவது வேறு, ஓட்டை எடுத்துவிட்டு கான்கிரீட் தளம் போடுவது வேறு. விழுந்த சுவரின் ஒரு பகுதியை எடுத்துக் கட்டுவது வேறு, "விழுந்ததுதான் விழுந்தது, மீதியையும் தட்டிவிட்டு புதுசா எழுப்பிடலாம்" என்று இறங்குவது வேறு. பின்னால் சொன்ன இரண்டுக்கும் அனுமதி வேண்டும். மொத்தமாக இடித்துவிட்டால் பழைய வீடு என்ற கணக்கும் அதோடு முடிந்துவிடும். புதிய கட்டுமானமாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். முன்னால், பின்னால், பக்கவாட்டில் விட வேண்டிய இடம் எல்லாம் இன்றைய அளவுப்படிதான்.

திருவையாறு, கும்பகோணம் பக்கம் ஆற்றை நோக்கிப் போகிற பழைய தெருக்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வீட்டுச் சுவரே பக்கத்து வீட்டுக்கும் சுவர். திண்ணை, ரேழி, முற்றம், கொல்லை என்று ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும். அங்கே பக்கவாட்டில் இடம் விடு என்றால் எங்கே விடுவது? அதனால்தான் விதிகளில் 'தொடர் கட்டடப் பகுதி' என்று தனியாக ஒரு வகை இருக்கிறது. உங்கள் தெரு அப்படி அறிவிக்கப்பட்ட பகுதியா என்று உள்ளூர் திட்டக் குழுமத்திலோ உள்ளாட்சி அலுவலகத்திலோ கேட்டுக்கொண்டு பிறகு வரைபடம் போடுங்கள். பழைய வீட்டை இடிப்பதற்கு முன்னால் கேளுங்கள், இடித்த பிறகு கேட்டுப் பிரயோஜனமில்லை.

விண்ணப்பம் போனால் யார், எதைப் பார்ப்பார்கள்?

தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற திட்டப் பகுதிகளுக்கு உள்ளூர் திட்டக் குழுமம் இருக்கிறது. மற்ற இடங்களில் நகர் ஊரமைப்புத் துறை அலுவலகமும் உள்ளாட்சியும். அடிப்படைச் சட்டம் 1971-ம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். அதன் 49-வது பிரிவின் கீழ் விண்ணப்பம் போகிறது. எதற்காகக் கட்டுகிறார்கள், அந்த இடம் அதற்கு ஏற்றதா என்பதை அதிகாரி பார்க்க வேண்டும்.

ஆற்றுக்குப் பக்கத்து மனை என்றால் இரண்டு கேள்விகள் கூடுதலாக வரும். ஒன்று, நிலம் நீர்நிலையில் இல்லை என்பதற்கு வருவாய்த்துறையின் உறுதி. இரண்டு, வெள்ளம் ஏறி நிற்கும் இடமா என்பது பற்றி நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று. தாமதம் பெரும்பாலும் இந்த இரண்டாவது காகிதத்தில்தான். தரைமட்டம் எவ்வளவு உயர வேண்டும் என்பது மாதிரியான நிபந்தனைகளும் அதில் வரலாம்.

2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டம் ஞாபகம் இருக்கும். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டினால், நேரில் வந்து பார்க்காமலேயே இணையத்தில் உடனடி அனுமதி. நல்ல திட்டம்தான். ஆனால் 'சுயசான்று' என்றால் நீங்கள் கொடுக்கிற உறுதிமொழிக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று அர்த்தம். புலப்படத்தை அளந்து பார்க்காமல் 'நீர்நிலை இல்லை' என்று டிக் அடித்துவிட்டு, பிற்பாடு அளவையில் வேறு மாதிரி வந்தால், கையில் இருக்கும் அனுமதி காப்பாற்றாது. கரையோர மனைக்கு நேரில் அளந்து வாங்குகிற அனுமதிதான் நிம்மதி.

விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 1971 சட்டத்திலேயே மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. வாய்மொழியாக "கிடைக்காதுங்க" என்று சொன்னதை வைத்து எங்கேயும் போக முடியாது.

கோயிலுக்கும் கடலுக்கும் தெளிவான விதி இருக்கு!

தஞ்சாவூரில் புது ஆறு என்று சொல்கிற கல்லணைக் கால்வாய் பெரிய கோயிலை ஒட்டித்தான் ஓடுகிறது. மேட்டூர் அணை வந்த 1934-ல் வெட்டி முடித்த கால்வாய், தொண்ணூறு வயதுக்கு மேல் ஆகியும் இன்னும் 'புது' ஆறுதான்!

மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்பதால், பெரிய கோயிலின் எல்லையில் இருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை. அதற்கு அடுத்த 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. ஆனால் அதே சட்டத்தில் ஒரு வழியும் இருக்கிறது. 1992 ஜூன் 16-க்கு முன்பே 100 மீட்டருக்குள் இருந்த வீடு என்றால், பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் உரிய அதிகாரியிடம் விண்ணப்பித்து அனுமதி வாங்கலாம். தேதி தெளிவாக இருக்கிறது. யாரிடம் போக வேண்டும் என்பதும் தெளிவாக இருக்கிறது.

காவிரியும் கொள்ளிடமும் கடலில் சேரும் பூம்புகார், பழையாறு பக்கம் போனால் 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வருகிறது. கடல் நீர் ஏறி இறங்கும் ஆற்றுப் பகுதிக்கும் அது பொருந்தும். வறண்ட காலத்தில் ஆற்று நீரில் ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு எதுவரை இருக்கிறதோ அதுவரை. அங்கே கரையில் இருந்து 50 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், இரண்டில் எது குறைவோ அந்தத் தூரத்துக்குக் கட்டுப்பாடு. அதிலும், ஏற்கெனவே அனுமதியோடு இருக்கிற வீட்டைப் பழைய அடித்தளப் பரப்புக்குள், பழைய தளப்பரப்பு அளவுக்குள் பழுதுபார்க்கலாம், திரும்பக் கட்டலாம் என்று வரியே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் வேறு மாதிரி. அங்கே வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த ஊர்களில், பழுதுபார்க்கும் செலவு அந்தக் கட்டடத்தின் சந்தை மதிப்பில் பாதியைத் தொட்டுவிட்டால், பழைய வீடு என்ற சலுகை போய்விடும். தரைமட்டத்தை உயர்த்துவது உட்பட இன்றைய வெள்ள விதிப்படி வீட்டை மாற்ற வேண்டும். பாதிக்குக் கீழே என்றால் அப்படியே சரிசெய்துகொள்ளலாம். கடுமையான விதிதான். ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது.

தஞ்சாவூருக்குப் பக்கத்தில், கடலும் இல்லாத கோயிலும் இல்லாத ஒரு சாதாரண ஆற்றங்கரை வீட்டுக்கு இந்த மாதிரி ஒரு வரி கிடையாது. வெள்ளச் சமவெளியை மண்டலங்களாகப் பிரித்து, எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் மாதிரிச் சட்டத்தை மத்திய அரசு 1975-லேயே மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான், உத்தராகண்ட் மாதிரி விரல்விட்டு எண்ணக்கூடிய மாநிலங்கள்தான் சட்டமாக்கின. தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் இங்கே ஆற்றுக்குப் பக்கத்தில் உள்ள பழைய வீட்டை எதுவரை சரிசெய்யலாம் என்பது பொதுவான கட்டட விதிகளையும், அந்தந்த அலுவலகம் அவற்றை எப்படிப் படிக்கிறது என்பதையும் பொறுத்ததாகிவிடுகிறது. குறை என்றால் இதுதான் குறை.

புறம்போக்கு வீடு என்றால்?

இதை மழுப்பாமல் சொல்லிவிடலாம். ஆற்றுப் புறம்போக்கில் உள்ள வீட்டுக்குப் பழுதுபார்க்க அனுமதி என்று ஒரு காகிதம் எந்த அலுவலகத்திலும் கிடைக்காது.

1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆறு, ஓடை, ஏரி, கால்வாய் எல்லாம் அரசின் சொத்து என்று அதன் 2-வது பிரிவு சொல்கிறது. 7-வது பிரிவில் விளக்கம் கேட்டு நோட்டீஸ். 6-வது பிரிவில் வெளியேற்றம். ஊரில் 'பி மெமோ' என்று சொல்வது இந்தச் சட்டத்தின் கீழ் வருவதுதான். "நாங்க பி மெமோ கட்டிக்கிட்டு வர்றோம்" என்று பலர் நம்பிக்கையோடு சொல்வதுண்டு. பி மெமோ என்பது ஆக்கிரமிப்புக்குப் போடும் தீர்வையும் அபராதமும். எத்தனை வருஷம் கட்டினாலும் அது பட்டா ஆகாது. வீட்டு வரி ரசீதும், மின் இணைப்பும் அப்படித்தான். நீங்கள் அங்கே குடியிருக்கிறீர்கள் என்பதற்குச் சாட்சி, நிலம் உங்களுடையது என்பதற்கு அல்ல.

புறம்போக்கிலும் இரண்டு வகை உண்டு. ஆட்சேபணையற்ற புறம்போக்கு, ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு. முதல் வகையில் நீண்ட காலம் குடியிருப்பவர்களுக்கு அரசு அவ்வப்போது வரன்முறை செய்து பட்டா கொடுக்கிறது. 2025 பிப்ரவரியில் 86 ஆயிரம் பேருக்குப் பட்டா என்று அமைச்சரவை முடிவெடுத்ததும் அந்த வகைக்குத்தான். நீர்நிலை இரண்டாவது வகை. அதற்கு வரன்முறை கிடையாது.

நீதிமன்றமும் இதில் இறுக்கமாகத்தான் நிற்கிறது. நீர்நிலை ஆக்கிரமிப்புகளைக் கண்டறிந்து அகற்றச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2005-ல் உத்தரவிட்டது. 2022 ஜனவரியில், நீர்நிலையில் உள்ள இடத்தைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது, கட்டட அனுமதி, மின் இணைப்பு, வரி விதிப்பு போன்றவற்றுக்கு முன்னால் அது நீர்நிலை இல்லை என்று உறுதி வாங்க வேண்டும் என்றது.

2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் புல்டோசர் இடிப்புகளுக்கு எதிராகத் தீர்ப்பு கொடுத்ததே, அது உதவாதா என்று கேட்கலாம். இடிப்பதற்கு முன் குறைந்தது 15 நாள் நோட்டீஸ் என்று சொன்ன தீர்ப்பு அது. ஆனால் அதே தீர்ப்பில் விலக்கும் இருக்கிறது. சாலை, நடைபாதை, ரயில் பாதை ஓரம், ஆறு மற்றும் நீர்நிலையில் உள்ள அனுமதியற்ற கட்டடங்களுக்கு அந்த வழிமுறை பொருந்தாது. ஆகவே அந்த 15 நாளை ஆற்றுப் புறம்போக்கு வீட்டுக்காரர் கேட்க முடியாது. 1905 சட்டப்படி தர வேண்டிய நோட்டீஸையும், பதில் சொல்லும் வாய்ப்பையும், மேல்முறையீட்டையும் கேட்கலாம். நோட்டீஸ் வந்தால் வாங்க மறுக்காதீர்கள். வாங்கி, தேதி போட்டு, அதில் சொன்ன நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள்.

நிவாரணத்திலும் இடிக்குது

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் வீடு சேதத்துக்கு அளவு வைத்திருக்கிறார்கள். 2022 முதல் 2026 வரைக்கான மத்திய அரசின் வரையறைப்படி, சமவெளிப் பகுதியில் முழுவதும் இடிந்த வீட்டுக்கு ரூ.1,20,000. குறைந்தது 15 சதவீதம் சேதமான கெட்டி வீட்டுக்கு ரூ.6,500, கச்சா வீட்டுக்கு ரூ.4,000. குடிசைக்கு ரூ.8,000.

அந்தப் பட்டியலின் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: சேதமான வீடு அனுமதி பெற்ற கட்டுமானம் என்று மாநில அரசின் உரிய அதிகாரி சான்று தர வேண்டும். கரையில் முதலில் வெள்ளம் புகும் வீட்டுக்கு இந்தக் குறிப்பு என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. குடிசைக்குக் கிடைக்கும் தொகையோடு நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது.

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ரூ.3.50 லட்சத்தில் 360 சதுர அடி வீடு கிடைக்கும். அதற்கும் மனை உங்கள் பெயரில் இருக்க வேண்டும். ஆட்சேபணைக்குரிய புறம்போக்கில் அந்த வீட்டைக் கட்ட முடியாது.

கரையில் ஒரு வீடு இருந்தா என்ன குறைஞ்சுடும்?

இந்தக் கேள்விக்கு டெல்டாவில் ஒரு தனிப் பதில் இருக்கிறது. கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. உபரி போகிற வழி கொள்ளிடம். மற்றவை பாசனத்துக்கு. பல இடங்களில் ஆறு ஓடும் மட்டத்தைவிட வயலும் தெருவும் தாழ்ந்திருக்கும். தண்ணீரைப் பிடித்து நிறுத்துவது கரை மட்டும்தான். அந்தக் கரையில் அஸ்திவாரம் தோண்டினாலும், கழிவறைக் குழி வெட்டினாலும் கரை பலவீனமாகும். வெள்ள நேரத்தில் மணல் மூட்டையும் சவுக்குக் கம்பும் ஏற்றிவரும் வண்டி கரைமேல் போக வழி இருக்காது. 'உடைப்பு' என்ற ஒரு வார்த்தை கேட்டால் நடு ராத்திரியில் ஊரே மண்வெட்டியோடு ஓடும் பகுதி இது. ஓர் இடத்தில் உடைந்தால் போவது அந்த வீடு மட்டுமல்ல, பின்னால் இருக்கும் சம்பா முழுக்க.

2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதைப் பார்த்தோம். அந்த மாதம் கொள்ளிடத்தில் போன வெள்ளம், கடலுக்குப் பக்கத்தில் உள்ள நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல் ஊர்களைச் சூழ்ந்தது. 2022 ஆகஸ்ட்டிலும் அதே ஊர்கள், அதே கதை. மக்கள் முகாமுக்குப் போனார்கள், தண்ணீர் வடிந்ததும் திரும்பி வந்து வீட்டைச் சரிசெய்தார்கள். விவசாயமும் மாடும் அங்கே இருக்கும்போது வேறு எங்கே போவது?

அதனால் கரையைக் காப்பாற்றும் விதி தேவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் "இங்கே கட்டாதே" என்று சொல்லும் சட்டங்கள் 1905-ல் இருந்து வரிசையாக இருக்கின்றன. "அங்கே போய் இரு" என்று அதே உறுதியோடு சொல்லும் ஏற்பாடு அவ்வளவு வலுவாக இல்லை. மாற்று இடம் வயலில் இருந்து பத்து, பதினைந்து கிலோமீட்டர் தள்ளி என்றால் நடவுக் கூலிக்குப் போகும் பெண் பஸ்ஸுக்குக் கொடுத்தது போக மிச்சம் என்ன என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

சரி, இப்போ என்ன செய்யணும்?

பட்டா, நத்தம் வீட்டுக்காரர்கள் சேதத்தை முதலில் போட்டோ எடுத்து வையுங்கள். பழைய சுவர் எங்கே நின்றது என்பது தெரிய வேண்டும். அஸ்திவாரத்தின் அடையாளத்தை அழிக்கும் முன் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அளந்துவிடுங்கள். வேலை எந்த வகையில் வருகிறது என்று எழுத்தில் கேட்டுவிட்டு ஆரம்பித்தால், பாதியில் நிற்காது. கொல்லைப்பக்கத்தை இன்னும் நாலு அடி ஆற்றுப் பக்கம் தள்ளிக் கட்டும் ஆசை மட்டும் வேண்டாம். சட்டப்படி நிற்கிற வீட்டை ஆக்கிரமிப்பு வழக்கில் கொண்டுபோய் விடுவது அந்த நாலு அடிதான்.

புறம்போக்கில் இருப்பவர்கள் பழுதுபார்க்க அனுமதி கேட்டு அலைவதைவிட, வீட்டுமனைப் பட்டா கேட்டு மனு கொடுப்பதில் பலன் அதிகம். திங்கள்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலோ, வட்ட அலுவலகத்தில் வருஷம் ஒருமுறை நடக்கும் ஜமாபந்தியிலோ கொடுக்கலாம். வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது, பி மெமோ எல்லாவற்றையும் நகல் எடுத்து மனுவோடு இணையுங்கள். நிலத்துக்கு உரிமை தராத அந்த ரசீதுகள், இத்தனை வருஷம் நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள் என்பதை மாற்று இடம் கேட்கும்போது நிரூபிக்க உதவும். மனுவுக்குக் கொடுக்கும் ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த மழைக்குச் சுவரில் ஈரம் ஏறாத இடமாகப் பார்த்து வையுங்கள்.